பாச்சலூர் பஸ்ஸும் பாதாளப் படமும்: சைஸ்மிக் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு

ஒட்டன்சத்திரத்தில் பாச்சலூர் பஸ் ஏறினால் அடிவாரம் வரை ஒரு வேகம். கொண்டை ஊசி வளைவு தொடங்கிவிட்டால் வேறொரு வேகம். ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். புதிதாக வருகிற ஒருவர் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்து, சமவெளி வேகத்தையே முழு நேரத்துக்கும் போட்டுப் பெருக்கினால், பாச்சலூரைக் கொண்டுபோய்க் கேரளத்துக்குள் வைத்துவிடுவார். நேரம் சரிதான், இடம்தான் தப்பு.

பூமிக்கு அடியில் எண்ணெய் தேடுகிறவர்களின் அன்றாடத் தலைவலியும் இதுவேதான். சைஸ்மிக் ஆய்வில் தரையில் ஓர் அதிர்வை உண்டாக்குகிறார்கள். அது கீழே இறங்கி, பாறை மாறுகிற இடத்தில் பட்டுத் திரும்புகிறது. தரையில் செருகிவைத்த ஜியோபோன்கள் போய்வந்த நேரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக் கணக்கில் குறித்துக்கொள்ளும். ஆழத்தை அவை சொல்லாது. இடையில் அதிர்வு என்ன வேகத்தில் போனது என்பதை நாம்தான் கண்டுபிடித்துப் போட வேண்டும். அந்த வேகத்தைச் சரியாகப் போடவும், போட்ட பிறகு அதையே சந்தேகப்படவும் தெரிந்த ஆளுக்குத்தான் இந்தத் தொழிலில் மதிப்பு. மென்பொருள் பெயர்களை ரெஸ்யூமில் வரிசையாக அடுக்குகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

இயற்பியலோ கணிதமோ முடித்துவிட்டு, பி.எட். போகலாமா, பேங்க் பரீட்சை எழுதலாமா என்று மலையில் உட்கார்ந்து யோசிப்பவர்கள் இந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்க்கலாம். போட்டி இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே நம் கல்லூரிகளில் பாதிப் பேருக்குத் தெரியாது.

காலடிப் பாறைக்கு ஒரு கதை உண்டு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாச்சலூருக்கு அடியில் எண்ணெய் கிடையாது. காபித் தோட்டத்துக்கும் மிளகுக் கொடிக்கும் கீழே இருப்பது சார்னகைட்டும் அதன் உறவுக்காரப் பாறைகளும். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து மேலே வந்தவை. எண்ணெயை உண்டாக்கும் மட்கிய சேறு அவற்றில் கிடையாது. சார்னகைட் என்ற பெயரே ஒரு கல்லறையிலிருந்து வந்தது: கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் வைத்த பெயர். கல் போனது சென்னைப் பக்கத்துப் பல்லாவரம் வட்டாரத்திலிருந்து. உலகம் முழுக்க ஜியாலஜி மாணவர்கள் படிக்கிற ஒரு பாறையின் தாய்வீடு நம்முடையது.

இந்த மலைத்தொடரை ஒட்டி சைஸ்மிக் ஆய்வு நடந்திருக்கிறது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். ஆந்திரத்துக் குப்பத்தில் தொடங்கிக் குமாரபாளையம் வழியாக, கொடைக்கானல் ஏறுகிற நம் வத்தலகுண்டு வரை, ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆழ்நில அதிர்வுக் கோடு ஒன்றை ஓட்டியது. குப்பம்–பழனி குறுக்குவெட்டுத் திட்டத்தின் பகுதி அது. அந்தத் திட்டத்தின் முடிவுகளை இந்திய ஜியாலஜிக்கல் சொசைட்டி 2003-இல் ஒரு தனி ஆய்வுத் தொகுப்பாகவே வெளியிட்டது. பூமியின் மேலோடு இங்கே 40 கி.மீ.க்கும் அதிகத் தடிமன் என்று காட்டியது இந்த ஆய்வு. பிறகு வத்தலகுண்டிலிருந்து கன்னியாகுமரி நோக்கி இன்னொரு கோடும் போனது. தேடியது எண்ணெய் இல்லை. கண்டம் எப்படி ஒட்டப்பட்டது என்ற கேள்விக்கு விடை. கருவிகளும் கணக்கும் மட்டும் எண்ணெய்த் தேடலில் பயன்படுகிறவைதான்.

சரி, எண்ணெய்க்கும் இந்தக் கல்லுக்கும் என்ன உறவு? மயிலாடுதுறை மாவட்டத்தில் கொள்ளிடம் பக்கம் மாதானம் என்று ஓர் ஊர். காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. பல இடங்களில் மணற்பாறையிலிருந்து எண்ணெய் எடுக்கிறது. மாதானத்தில் எடுப்பது படிவுகளுக்கெல்லாம் அடியில் கிடக்கிற அடித்தளப் பாறையிலிருந்து. அதாவது, பாச்சலூரில் மலையாக நிற்கிற அதே இனத்துப் பழம்பாறையிலிருந்து. பாறைக்குள் எண்ணெய் பிறக்கவில்லை. பக்கத்துப் பள்ளங்களில் நிறைந்த களிமண் பாறையில் பிறந்து, மேடாக நின்ற கடினப் பாறையின் வெடிப்புகளுக்குள் ஒதுங்கிக்கொண்டது. வியட்நாமின் பாக் ஹோ எண்ணெய் வயலில் 1988-இல் கிரானைட்டிலிருந்து எண்ணெய் பீறிட்டபோது உலகம் வியந்தது. மும்பை ஹையிலும் அசாமின் பொர்ஹொல்லாவிலும் அடித்தளப் பாறையில் எண்ணெய் கிடைத்திருக்கிறது.

இந்த வெடிப்புகளைத் தரையிலிருந்தே படம் பிடிப்பதுதான் இந்தத் தொழிலின் மிகக் கடினமான சவால்களில் ஒன்று. தொழிலுக்குப் புதிதாக வருகிறவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை என்பது என் எண்ணம். ஏனென்றால் பழைய ஆட்களும் இங்கே தடுமாறுகிறார்கள்.

படம் எங்கே கெடுகிறது

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். படிவுப் பாறையில் அதிர்வு நொடிக்கு 2,500 மீட்டர் ஓடுகிறது, அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலைநீளம் 62.5 மீட்டர். அதில் கால் பங்குக்கு மேல் தடிமன் உள்ள அடுக்குதான் தனியாகத் தெரியும். ஏறக்குறைய 16 மீட்டர். அடித்தளப் பாறைக்குள் நுழைந்ததும் வேகம் 6,000 மீட்டராகிறது. ஆழம் போகப் போக மேல் அதிர்வெண்கள் செத்துப்போவதால் 30 ஹெர்ட்ஸ்தான் மிஞ்சும். அலைநீளம் 200 மீட்டர். கால் பங்கு 50 மீட்டர். விரல் தடிமன் வெடிப்பை இந்தக் கண்ணாடி வழியே நேரடியாகப் பார்க்க முடியாது. எவராவது பார்த்ததாகச் சொன்னால் விலகி உட்காருங்கள்.

அதனால்தான் சுற்றி வளைத்துப் போகிறார்கள். வெடிப்பின் நீளவாக்கில் அலை வேகமாகவும் குறுக்கே சற்று மெதுவாகவும் போகும். எல்லாத் திசையிலிருந்தும் பதிவு செய்தால் அந்த வேக வேறுபாட்டை வைத்து வெடிப்புகள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்று ஊகிக்கலாம். செங்குத்தான பிளவுகளின் முனையில் பட்டுச் சிதறுகிற பலவீனமான அலைகளை வழக்கமாகச் சத்தம் என்று கழித்துவிடுவார்கள். இப்போது அவற்றையே தனியே பிரித்தெடுத்துப் படமாக்குகிறார்கள்.

மேல் அடுக்குகளின் கணக்கு தப்பினால் கீழே எதுவும் சரிவராது. காவிரிப் படுகை தட்டையான தட்டு இல்லை. மேடும் பள்ளமுமாக, பெரும் பிளவுகளால் துண்டுபட்டது. கும்பகோணம்–மாதானம் மேட்டுக்கு ஒரு பக்கம் அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், மறுபக்கம் தரங்கம்பாடிப் பள்ளம். இந்த அடுக்குகளுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும்: ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம், நிரவி, திருப்பூண்டி, வாஞ்சியூர், திட்டச்சேரி. டெல்டா பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுகிற மாதிரி இருக்கும். பரீட்சைக்கு இவற்றை மனப்பாடம் செய்யும் வட இந்தியத் தோழர்களின் முன்னால் நமக்கு இருக்கும் ஒரே இலவசச் சலுகை இதுதான்.

இப்படிச் சாய்ந்த அடுக்குகளிலிருந்து திரும்பும் அலை, தான் பட்ட இடத்துக்கு நேர் மேலே வந்து சேராது. அதைப் பிடித்து உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்கும் கணக்குக்கு மைக்ரேஷன் என்று பெயர். எளிய முறைகள் நேரத்தில் வைக்கும்; கனமான முறைகள் ஆழத்தில் வைக்கும். அலை வந்த வழியே காலத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் முறை 1983-லேயே எழுதப்பட்டுவிட்டது. முழு அலைவடிவத்தையும் பொருத்திப் பார்த்து வேகத்தைத் திருத்தும் வழியை ஆல்பர்ட் டாரன்டோலா 1984-இல் வகுத்தார். இரண்டும் தினசரி வேலையாக மாற, கணினிகள் வளர இருபது இருபத்தைந்து ஆண்டு பிடித்தது. அறிவு முன்னால் போய் நின்றுகொண்டு, இரும்பு வந்து சேரட்டும் என்று காத்திருந்தது.

எந்த முறையானாலும் வேகம் தப்பினால் படம் தப்பு. வேகத்தைக் குறைத்துப் போட்டால் சிதறல் அலைகள் மூடாமல், கவிழ்த்த கிண்ணம்போல நிற்கும். கூட்டிப் போட்டால் ஓரங்கள் மேலே வளைந்து சிரிக்கும். எங்கள் வட்டாரத்தில் இதை ‘ஸ்மைல்’ என்றே சொல்வோம். படம் சிரித்தால் மேனேஜர் அழுவார்.

நானும் ஒருமுறை ஏமாந்தேன். நான் வேலை பார்த்த நிறுவனம் ஒன்றில், பெயர் வேண்டாம், ஒரு பழைய தரவை மறுபடி பதப்படுத்தினோம். நடுவில் அழகான ஒரு மேடு எழுந்தது. எண்ணெய் ஒதுங்க வாகான வடிவம். வண்ணம் தீட்டி, கூட்டத்தில் காட்டி, பாராட்டும் வாங்கிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு மூத்தவர் கேட்டார்: “மேலே சுண்ணாம்புக்கல் தடிச்சிருக்கே, அதோட வேகத்தை எடுத்தீங்களா?” எடுக்கவில்லை. வேகமான கல்லுக்குள் புகுந்து வந்த அலை சீக்கிரம் திரும்பியிருக்கிறது. அதனால் கீழே இருந்த சமதளம் மேடாகத் தெரிந்திருக்கிறது. வேகத்தைத் திருத்தியதும் மேடு படுத்துவிட்டது. கிணறு தோண்டியிருந்தால் கோடிக்கணக்கில் போயிருக்கும். அன்றிலிருந்து அழகான படத்தைக் கண்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைப் பறித்துவிடுமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இந்தக் கதையில்தான் இருக்கிறது. முதல் அலை எப்போது வந்தது என்று லட்சக்கணக்கான பதிவுகளில் புள்ளி வைப்பதையும், பிளவுகளைக் கோடிழுப்பதையும் எந்திரம் இப்போதே நம்மைவிட வேகமாகச் செய்கிறது. அந்த வேலையை நம்பி வராதீர்கள். இல்லாத மேட்டை ‘இல்லை’ என்று சொல்கிற வேலைக்கு வாருங்கள்.

எங்கே படிப்பது, எந்தக் கதவைத் தட்டுவது

பி.எஸ்சி. இயற்பியல், கணிதம், நிலவியல் எதுவானாலும் சரி. ஐ.ஐ.டி.களின் முதுகலை நுழைவுத் தேர்வான ‘ஜாம்’ எழுதுங்கள். கரக்பூர், மும்பை ஐ.ஐ.டி.களில் புவி இயற்பியல் முதுகலை உண்டு. தன்பாத் ஐ.எஸ்.எம்.மில் பயன்பாட்டுப் புவி இயற்பியலுக்கு மூன்று ஆண்டுப் படிப்பு இருக்கிறது. ஹைதராபாத் உஸ்மானியா, விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகம், கடல் பக்கம் ஆர்வம் இருந்தால் கொச்சிப் பல்கலைக்கழகம். நம் மாநிலத்தில் நிலவியல் துறைகள் பல உண்டு. புவி இயற்பியலையே முழுதாகப் படிக்கப் பெரும்பாலும் வெளியூர் போக வேண்டியிருக்கும். எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் செல்லும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். நண்பர் சொன்னார் என்று நம்பாமல் அறிவிப்பை நீங்களே படியுங்கள்.

அதற்கு மேல் இரண்டு தேர்வுகள். கேட் தேர்வில் நிலவியலும் புவி இயற்பியலும் சேர்ந்த தாள் இருக்கிறது. உள்ளே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு இன்னொன்று. இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுப்பது இதன் வழியாகத்தான். நம் பக்கத்துப் பிள்ளைகள் குரூப் தேர்வுக்குச் செலவிடும் உழைப்பில் பாதியை இதற்குக் கொடுக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஓ.என்.ஜி.சி. ‘ஜியோபிசிசிஸ்ட்’ பதவியை இரண்டாகப் பிரித்து எடுக்கும்: தரைமேல் ஆய்வு ஒன்று, கிணற்று ஆய்வு மற்றொன்று. நமக்கு வேண்டியது முன்னது. நுழைவு நிலையில் அடிப்படை ஊதிய விகிதம் 60,000–1,80,000 ரூபாய், படிகள் தனி. சேர்ந்த புதிதில் பீல்டுக்கு அனுப்பினால் சுணங்காமல் போய்வாருங்கள். பிறகு சென்னையிலுள்ள வட்டாரக் கணினி மையத்திலோ டேராடூனின் ஜியோபிக் மையத்திலோ உட்கார்ந்து பதப்படுத்தும் வாய்ப்பு வரலாம். அசாமின் துலியாஜானில் ஆயில் இந்தியா இருக்கிறது. பன்னாட்டு நிறுவனங்கள் என்றால் பெங்களூரில் ஷெல் தொழில்நுட்ப மையம், புனேயில் எஸ்.எல்.பி. அங்கெல்லாம் சட்டையைக் கசக்காமல் வேலை பார்க்கலாம். ஆனால் ஒரு சீசனாவது மண்ணில் நின்றவர் போடுகிற வேகத்துக்கும், நிற்காதவர் போடுகிற வேகத்துக்கும் வித்தியாசம் தெரியும்.

வேலை கிடைக்கும் முன்பே கை பழகலாம்

தரவு இல்லையே என்ற சாக்கு இனிச் செல்லாது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஒன்று அங்கோலாவின் நிலவமைப்பை வைத்து 1988-இல் செய்த ‘மார்மூசி’ என்ற மாதிரி இன்றும் உலகத்தின் உரைகல். நெதர்லாந்துக் கடலின் எஃப்-3 பகுதித் தரவும் நியூசிலாந்தின் பரிஹாகா தரவும் இலவசம். நார்வேயின் ஈக்வினார் தன் வோல்வே வயலின் முழுத் தரவையும் 2018-இல் திறந்துவிட்டது. மென்பொருளுக்கும் காசில்லை: கொலராடோ சுரங்கக் கல்லூரியின் சைஸ்மிக் யூனிக்ஸ், மடகாஸ்கர், பைத்தான். பழைய லேப்டாப்பே சிறிய கணக்குகளுக்குப் போதும். தரவு பெரிது, மலையில் சிக்னல் விழுந்து எழுந்து வரும் என்பதால் ஒட்டன்சத்திரமோ பழனியோ போகும்போது இறக்கிக்கொண்டு வாருங்கள்.

ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன். மார்மூசியைச் சரியான வேகத்தோடு ஒருமுறை மைக்ரேட் செய்யுங்கள். பிறகு வேகத்தை 5 சதவீதம் கூட்டி ஒருமுறை, குறைத்து ஒருமுறை. மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பிளவு எத்தனை மீட்டர் நகர்ந்தது, எது காணாமல் போனது, எது புதிதாக முளைத்தது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். நேர்முகத் தேர்வுக்கு அந்த இரண்டு பக்கத்தைக் கொண்டுபோங்கள். பத்து ஆன்லைன் சான்றிதழை ஒதுக்கிவைத்துவிட்டு அதைத்தான் நான் வாங்கிப் படிப்பேன். கணிதத்தில் ஃபூரியர் மாற்றமும் நேரியல் இயற்கணிதமும் விரல் நுனியில் இருக்கட்டும். மற்றதை வேலை கற்றுக்கொடுக்கும்.

வயலில் நிற்கும்போது

டெல்டாவில் சைஸ்மிக் கோடு ஓட்டச் சம்பா அறுவடைக்குப் பிறகு வயல் வெறுமையாகக் கிடக்கும் மாதங்கள்தான் வசதி. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். வரப்பில் கேபிள் இழுத்து, குழி போட்டு வெடி வைத்து, ஜியோபோன் செருகி எடுக்கிற வேலை. வரப்பை மிதித்தவர் யார் என்று வயல்காரருக்குத் தெரியும். “தம்பி, இது எதுக்கு?” என்று ஒரு பெரியவர் கேட்டால், “ரோடு சர்வே ஐயா” என்று மழுப்புகிற வழக்கம் சிலரிடம் உண்டு. செய்யாதீர்கள். எண்ணெய், எரிவாயுப் பணிகளை எதிர்த்து நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017-இல் கொதித்ததற்குப் பல காரணங்கள் உண்டு. சொல்லாமல் மறைத்ததும் அவற்றில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

தமிழ்நாடு 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. டெல்டா மாவட்டங்களில் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதற்கும் எடுப்பதற்கும் தடை. முன்பே நடந்துவந்த பணிகளுக்கு அது பொருந்தாது. தொழிலுக்கு வருகிறவர் இதை ஒரு தடையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. புதிதாக வெடி வைக்க முடியாத இடத்தில் பழைய தரவை நல்ல முறையில் மறுபடி பதப்படுத்துவதுதான் வழி. அங்கேதான் படத்தை மேம்படுத்தத் தெரிந்தவருக்கு வேலை கூடுகிறது. கடல் பகுதி, ராஜஸ்தான், அசாம், கிருஷ்ணா–கோதாவரி எல்லாம் இருக்கின்றன. இதுவரை சரியாகத் தேடப்படாத படுகைகளுக்காக மத்திய அரசு 2016-இல் தொடங்கிய தேசிய சைஸ்மிக் திட்டம் மட்டுமே 48,243 கி.மீ. கோடுகளுக்குத் திட்டமிட்டது.

எண்ணெய் தீர்ந்தால்?

நியாயமான கேள்வி. இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேருகிறவர் அறுபது வரை எண்ணெயை மட்டும் நம்ப வேண்டாம். கார்பன் வாயுவைப் பாறைக்குள் அடைத்துவைக்க இடம் தேடுகிறவர்கள், மெட்ரோ சுரங்கம் போடுகிறவர்கள், அணைக்கு அடித்தளம் பார்க்கிறவர்கள், லடாக்கில் புவிவெப்பம் தேடுகிறவர்கள் எல்லோருக்கும் இதே கணக்குதான். கொடைக்கானல் ஆய்வகத்தில் சூரியனைப் பார்த்தவர்கள் பக்கத்திலேயே நிலநடுக்கமானியையும் வைத்திருந்தார்கள். 1960-களில் உலகளாவிய நிலநடுக்க நிலைய வலைப்பின்னல் அமைத்தபோது கொடைக்கானலும் அதில் ஒரு கண்ணி. அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்க அமைத்த வலை என்றாலும், பூமியின் உள்ளே பார்க்க அதைவிடப் பெரிய உதவி அந்தக் காலத்தில் வேறு கிடைக்கவில்லை.

எனக்கு இவற்றைவிட நெருக்கமாகத் தோன்றுவது போர்வெல். ஒட்டன்சத்திரம் பக்கம் ஆயிரம் அடி இறக்கியும் வெள்ளைப் புழுதி மட்டும் பறக்கிற காட்சியைப் பார்க்காதவர் யார்? தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடப்பவரும், வேப்பங்குச்சி பிடிப்பவரும், ரெசிஸ்டிவிட்டி மீட்டர் வைத்திருப்பவரும் தேடுவது ஒன்றையே: கடினப் பாறைக்குள் இருக்கிற வெடிப்பு. மாதானத்தில் அதற்குள் எண்ணெய், இங்கே தண்ணீர். ஆழமும் கருவியும் வேறு, வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்ற கேள்வி ஒன்றுதான்.

ஊரில் அடுத்து போர் வண்டி வந்து நிற்கும்போது ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள். எத்தனையாவது அடியில் மண் முடிந்து கல் தொட்டது, எந்த அடியில் ராடு சட்டென்று இறங்கியது, புழுதியின் நிறம் எங்கே மாறியது, ஈரம் எங்கே கசிந்தது என்று டிரில்லர் அண்ணனிடம் கேட்டுக் கேட்டு எழுதுங்கள். வண்டி போன பிறகு பக்கத்துத் தோட்டத்துப் போரின் கணக்கையும் வாங்கிச் சேர்த்து, இரண்டையும் ஒரு தாளில் உயரம் பார்த்து வரைந்து, நடுவில் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போடுங்கள். அழிரப்பரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.